ஆளுக்கு முன்னே செடி, செடிக்கு முன்னே படம்

கிரியான் வரலாற்றுத் தொடர்: 9

சென்ற இதழில் பேராக்கின் கிரியான் ஆற்றங்கரைக் கரும்பாலைகளைப் பார்த்தோம். ஆலை வைத்தவர்கள், ஆள் கட்டி வந்தவர்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்கள் என்று எல்லாரும் வந்து போனார்கள். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பாரிட் புந்தாரைக் கண்ணால் பார்க்காத லண்டன்காரனுக்கும் கல்கத்தாக்காரனுக்கும், இந்தச் சேற்று நிலத்தில் இன்ன செடி விளையும் என்கிற எண்ணம் எப்படி வந்தது? கரும்பு என்றாலும் பால்மரம் என்றாலும், அவன் சொல்லும் செடியும் இவன் சொல்லும் செடியும் ஒன்றுதான் என்று கடல் கடந்து எப்படி உறுதி செய்துகொண்டார்கள்?

கடிதம் போதாது. இலையின் வடிவத்தைச் சொல்லால் விளக்கினால் நாலு பேர் நாலு விதமாக நினைப்பார்கள். காய்ந்த இலையும் பூவும் காகிதத்தில் ஒட்டிப் போகும். ஆனால் நிறம் போய்விடும், கடற்பயணத்தில் பூச்சி அரிக்கும். விதை முளைக்காமல் போகலாம். நிறம் மாறாமல், வடிவம் குலையாமல், ஒரே நேரத்தில் நூறு ஊருக்குப் போகக்கூடியது படம் ஒன்றுதான். செப்புத் தகட்டில் கீறி, கல்லில் எழுதி, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உலகத்தின் தோட்டத் தொழிலோடு கூடவே நடந்தன. நம் ஊருக்கு ஆள் வருமுன் செடி வந்தது. செடி வருமுன் அதன் படம் எங்கோ அச்சேறியிருந்தது. இந்த இதழில் அந்தப் படங்களின் கதை.

நான்கு மரம், நான்கு படம்

பாரிட் புந்தாரைச் சுற்றியுள்ள நிலத்தின் வரலாற்றை நாலு செடிகளை வைத்தே சொல்லிவிடலாம்: நிபோங், கரும்பு, பால்மரம் எனும் ரப்பர், செம்பனை. நெல் தனிக்கதை, அது அடுத்த இதழுக்கு.

நிபோங் இந்த மண்ணின் சொந்தப் பனை. சதுப்பு ஓரங்களில் கூட்டம் கூட்டமாக, முள் நிறைந்து வளரும். பக்கத்து ஊரான நிபோங் திபாலுக்குப் பெயர் கொடுத்தது அதுதான். அதற்கு அறிவியல் பெயர் தந்தவர் வில்லியம் ஜாக் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர். 1818, 1819 ஆண்டுகளில் பினாங்கில் இருந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸோடு சுமத்ராவின் பெங்கூலன் போய், அங்கே 1822-இல் 27 வயதில் இறந்தார். அதே ஆண்டில்தான் நிபோங் பற்றிய அவர் குறிப்பு அச்சானது. அவருடைய மற்ற காகிதங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கரும்பு நமக்குப் பழைய பயிர்தான். ஆனால் அதில் எத்தனையோ ரகம் உண்டு. ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் கம்பெனி மருத்துவராக இருந்து, பிறகு கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பற்றி 3 பெரிய தொகுதிகள் வெளியிட்டார். முதல் தொகுதி 1795-இல் தொடங்கியது. மொத்தம் 300 படங்கள். சீனாவிலிருந்து கல்கத்தாத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கரும்புக்கு, மூன்றாம் தொகுதியில் ஒரு படத்தோடு ‘சாக்கரம் சினன்சே’ என்று பெயரிட்டார். அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து, 1848-இல் லண்டனில் வந்த ‘பிராக்டிகல் சுகர் பிளான்டர்’ என்ற நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. எழுதியவர் லெனர்ட் ரே. மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா, மலாக்கா நீரிணை மூன்றிலும் கரும்பு பயிரிடும் முறைகளை ஒப்பிட்டவர். நீரிணைப் பகுதியில் பயிராகும் ‘சிலாங்கூர் கரும்பு’ என்ற ரகத்தை அவர் வெகுவாகப் புகழ்கிறார். ஆலை, கொதிகலன் எல்லாவற்றுக்கும் அந்நூலில் படம் உண்டு. செபராங் பிறையிலும் பிற்பாடு கிரியானிலும் எழுந்த கரும்பாலைகள் எந்த இனத்தவை என்று அறிய விரும்புபவர் முதலில் புரட்ட வேண்டிய புத்தகம் அது.

பால்மரத்தின் படக்கதை தென் அமெரிக்காவில் தொடங்குகிறது. பிரெஞ்சு கயானாவில் பொறியாளராக இருந்த பிரான்சுவா ஃபிரெனோ பால் வடியும் மரத்தைத் தேடிக் கண்டு எழுதிய விவரத்தை, பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமின் 1751-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாசித்தார். 1775-இல் ஃப்யூசே ஓப்லே என்பவர் கயானாவின் செடிகளைப் பற்றி 392 செப்புப் படங்களோடு நூல் வெளியிட்டார். ‘ஹெவியா’ என்ற பேரினப் பெயர் முதலில் அச்சேறியது அந்த நூலில்தான். ஓப்லே படம்போட்டது நம் தோட்டத்து மரமல்ல, அதன் உறவு. ஆனாலும் இலை மூன்றாகப் பிரிவதும் காய் மூன்று அறையாக இருப்பதும் அன்றே உலகத்துக்குத் தெரிந்துவிட்டன. நூறு ஆண்டு கழித்து 1876-இல் ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; அவற்றில் 9 நம் பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. விதை வருவதற்கு நூறாண்டு முன்பே படம் வந்து காத்திருந்தது.

செம்பனையும் அப்படியே. அது ஆப்பிரிக்க மரம். ஆனால் அதற்கு ‘எலாயிஸ் கினீன்சிஸ்’ என்று பெயர் வைத்துப் படம் போட்டவர், கரீபியன் தீவுகளுக்குப் போய்வந்த வியன்னாவின் நிக்கோலஸ் ஜாக்குவின். அடிமைகளாக ஏற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அட்லாண்டிக் கடந்த மரம் அது. அவர் அதை மார்த்தினிக் தீவில் கண்டார். நூல் வெளியான ஆண்டு 1763. ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு 4 கன்றுகள் வந்தது 1848-இல். சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக ஊன்றியது 1917-இல். படத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே நூற்றைம்பது ஆண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். கரும்பும் பால்மரமும் செம்பனையும் தாமாக வந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் முதலில் ஒருவர் வரைந்தார், பிறகு ஒருவர் சுமந்தார், அதற்குப் பிறகுதான் வெட்டுவதற்கு ஆள் தேடினார்கள். ஆள் தேடிய இடம் நம் முன்னோர் இருந்த ஊர்கள்.

செம்பு, மரம், கல்

இந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்தால்தான் அவற்றைப் படிக்க முடியும். மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது செப்புத் தகடு. கூரான உளியால் தகட்டில் கோடு கீறி, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, நனைத்த காகிதத்தை வைத்து உருளையில் அழுத்துவார்கள். பள்ளத்திலிருந்த மை காகிதத்தில் ஏறும். அமிலத்தால் அரித்துக் கோடு போடுவது இன்னொரு முறை. பிசின் தூளைத் தூவி அரித்தால் நீர்வண்ணம் போல் சாயல் கிடைக்கும். பினாங்கில் பொறியாளராக இருந்த கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் ஓவியங்களை, வில்லியம் டேனியல் 1821-இல் இந்தப் பிசின் தூள் முறையில்தான் 10 தகடுகளாக்கி வெளியிட்டார். அன்றைய பினாங்கு மலையும் கடற்கரையும் எப்படி இருந்தன என்று இன்று நாம் காண்பது பெரும்பாலும் அந்தப் பத்துப் படங்களின் தயவால்.

இரண்டாவது மரக்கட்டை. பாக்ஸ் மரத்தின் குறுக்கு வெட்டில் செதுக்குவது. எழுத்தச்சுகளோடு சேர்த்தே அச்சிடலாம் என்பதால் பத்திரிகைகளுக்கு இது ஏற்றது. பெரிய படமானால் பல கட்டைகளைத் திருகாணியால் இணைத்து, படத்தை மேலே வரைந்து, பிரித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து ஓரிரவில் செதுக்கி முடிப்பார்கள். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டபின் நடந்த பேராக் போரை லண்டன் வாசகர்கள் கண்டது இத்தகைய மரச்செதுக்குப் படங்களில்தான்.

மூன்றாவது கல்லச்சு. பவேரியாவின் அலோயிஸ் செனபெல்டர் 1790-களின் இறுதியில் கண்டுபிடித்தது. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள மையால் எழுதி, கல்லை நனைத்தால், எழுதாத இடம் நீரைப் பிடிக்கும், எழுதிய இடம் மையைப் பிடிக்கும். செதுக்கும் கைவினைஞன் தேவையில்லை. வரைபவனே கல்லில் வரையலாம். செலவும் குறைவு. இந்த வசதியால் லண்டன் போகாமலே சென்னையிலும் கல்கத்தாவிலும் படம் அச்சிடுவது எளிதானது.

இந்த முறைகளுக்குப் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. தகட்டிலோ கல்லிலோ எப்படி வரைந்தோமோ, அதற்கு நேர்மாறாகக் காகிதத்தில் விழும். இடது வலமாகிவிடும். இலைக்கு இது பெரிய பாதகமல்ல. சுழிக்குப் பாதகம். 1650-இல் ரெம்ப்ராண்ட் நம் கடல்களில் கிடைக்கும் ஒரு கூம்புச் சங்கை அமிலச் செதுக்கில் வரைந்தார். தன் கையெழுத்து நேராக விழவேண்டும் என்று அதைத் திருப்பி எழுதியவர், சங்கின் சுழியைத் திருப்ப மறந்தார், அல்லது வேண்டாமென்று விட்டார். இயற்கையில் இல்லாத பக்கம் சுழித்த சங்கு இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாதாரண இடம்புரிச் சங்கை ஒரு கவனமில்லாத செதுக்குக்காரர் தகட்டில் கீறினால், அச்சில் வருவது வலம்புரி. காசில்லாமல் கிடைக்கும் அதிர்ஷ்டம்!

தோட்டத்தில் இது வெறும் வேடிக்கை இல்லை. பால்மரத்தின் பட்டையில் பால் குழாய்கள் நேராக ஓடுவதில்லை. சற்றே சாய்ந்து, கீழ் இடமிருந்து மேல் வலமாகச் சுற்றிப் போகின்றன. அதனால்தான் வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் தாழ்ந்து இறங்குகிறது. அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், அதிகப் பால் மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டும். பள்ளிக்கூடம் போகாத பால்வெட்டுக்காரர் கையும் இதை அறியும். இந்த வெட்டின் விளக்கப் படம் ஒன்று இடம் வலமாகத் திரும்பி அச்சானால், அதைப் பார்த்துப் பழகுபவர் தவறான சாய்வில் வெட்டுவார். 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடாலியால் கொத்தாமல், அதே வெட்டை மெல்ல மெல்லச் சீவித் திறந்தால் பால் பெருகும் என்று காட்டினார். மீன்முள் போன்ற அந்தக் கோடுகள் விளக்கப்படமாகத் தோட்டம் தோட்டமாகப் பரவின. நிரை பிடித்து, காண்டா வாளி சுமந்து, விடியற்காலைப் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்ற மூன்று தலைமுறையின் உடலுழைப்பு அந்தச் சில கோடுகளின் சாய்வுப்படி நடந்தது.

மலாக்காவின் சீனத் தூரிகை

யார் இந்தப் படங்களை வரைந்தார்கள்? தலைப்புப் பக்கத்தில் இருப்பது வெள்ளைக்கார அதிகாரியின் பெயர். தூரிகை பிடித்தவர் பெரும்பாலும் அவரல்ல.

வில்லியம் ஃபர்க்குவார் 1803 முதல் 1818 வரை மலாக்காவில் கம்பெனியின் அதிகாரியாக இருந்தார். பிறகு சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட். மலாக்கா நாட்களில் அவர் சீன ஓவியர்களை அமர்த்தி, தீபகற்பத்தின் விலங்கு, பறவை, மீன், செடி அனைத்தையும் வரையவைத்தார். இன்று அந்தத் தொகுப்பில் 477 படங்கள் இருக்கின்றன. சீனக் கை என்பது பார்த்தவுடனே தெரியும்: பறவையின் இறகு ஒவ்வொன்றாக எண்ணும்படி இருக்கும், பின்னணியில் பாறையும் மலையும் சீனச் சுருளோவிய மரபில் எழும். ஓர் ஓவியர் பெயரும் அதில் இல்லை.

அந்தக் காலத்து மலாக்காவை நேரில் கண்டு எழுதிய ஒருவர் நமக்குக் கிடைக்கிறார். முன்ஷி அப்துல்லா. அவருடைய குடும்பத்தில் அரபு ரத்தமும் தமிழ் ரத்தமும் கலந்திருந்தன; சிறுவயதில், வியாபாரிகளின் மொழி என்பதால் தமிழும் படித்தவர். 1849-இல் அச்சான தன் ‘ஹிகாயத் அப்துல்லா’வில், பிரிட்டிஷாரின் ஜாவா படையெடுப்புக்கு முன்பு மலாக்காவில் தங்கியிருந்த ராஃபிள்ஸின் வீட்டில் மக்காவ்விலிருந்து வந்த சீனர் ஒருவர் பழமும் பூவும் உயிருள்ளவை போலவே வரைந்தார் என்று சொல்கிறார். அவரும் பெயர் சொல்லவில்லை. ஆனாலும் தூரிகை பிடித்த மனிதரை ஒரு வரியில் நிறுத்திக் காட்டியவர் அவர்தான்.

ஃபர்க்குவாரின் தொகுப்பிலே நமக்குத் தெரிந்த ஒரு பிராணியும் உண்டு. முன்புறம் கறுப்பு, முதுகும் பின்புறமும் வெள்ளை, கால்கள் கறுப்பு: தெனுக், அதாவது தாப்பிர். பேராக் காடுகளில் இன்றும் இருக்கிறது. சாலையில் அடிபடும் செய்தி அவ்வப்போது வருகிறது. ஐரோப்பிய அறிஞர்கள் தாப்பிர் இனம் தென் அமெரிக்காவுக்கே உரியது என்று நம்பியிருந்தார்கள். ஃபர்க்குவார் 1816-இல் கல்கத்தா ஆசியக் கழகத்துக்கு மலாக்காவின் தெனுக் பற்றி எழுதி அனுப்பினார். அது அச்சேறத் தாமதமானது. இடையில் பிரெஞ்சுக்காரரான தியார், கல்கத்தா அருகே பரக்பூர் மிருகக்காட்சிச் சாலையில் ஒரு தெனுக்கைக் கண்டு, படமும் குறிப்பும் பாரிஸில் விலங்கியலாளர் கூவியேவுக்கு அனுப்பிவிட்டார். 1819-இல் இன்னொரு பிரெஞ்சு அறிஞரான தெமாரே அதற்கு ‘தாப்பிரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். முதலில் கண்டவருக்கல்ல, முதலில் படம் போய்ச் சேர்ந்தவருக்கே பெருமை. ஃபர்க்குவார் தன் படங்களை 1827-இல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்துக்குக் கொடுத்தார். 1993-இல் அவை ஏலத்துக்கு வந்தபோது சிங்கப்பூரின் கோ கியோக் கிம் வாங்கி, பின்னர் நாட்டுக்கே நன்கொடையாக்கினார். இன்று அவை சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில்.

ரங்கையாவும் கோவிந்துவும்

இப்போது நாகப்பட்டினத்துக்குப் போவோம். நம் முன்னோர் பலர் கப்பலேறிய அதே துறைமுகம். 1828-இல் அங்கே கோட்டை மருத்துவராக வந்தவர் ராபர்ட் வைட். 1819-இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னை வந்தவர். செடிகள் மீது தீராத பித்து. அவரோடு ரங்கையா என்ற ஓவியர் இருந்தார். ரங்கையாவும் அவருக்குப் பின் வந்த கோவிந்துவும் தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புள்ள, தெலுங்கு பேசும் ராஜு ஓவியர் குடியினர் என்று கருதப்படுகிறது. தஞ்சை அப்போது இதற்கு ஏற்ற இடம்தான். சரபோஜி மன்னர் பறவை, விலங்கு, செடிகளை வரையவைத்து சரசுவதி மகாலில் சேர்த்துக்கொண்டிருந்த காலம். சாமி படத்தில் தங்க ரேக்கு ஒட்டிய மரபில் வந்த கை, இலையின் நரம்பையும் மகரந்தத் தண்டையும் எண்ணி வரையக் கற்றது.

வைட் என்ன கேட்டார்? முழுச் செடியின் தோற்றம் நடுவில்; கீழே பூவை வெட்டிப் பிரித்து, சூலகம், விதை, மகரந்தப் பை ஒவ்வொன்றும் பெரிதாக்கி, எண்ணிட்டு. உருப்பெருக்கியில் கண்டதை அளவு தவறாமல் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு மூன்று இலை ஒன்றையொன்று மறைத்தால், மறைந்த பாகம் எப்படிச் சேருகிறது என்பதும் தெரிய வேண்டும். அழகு இருந்தால் நல்லது. தவறு இருக்கக் கூடாது. ரங்கையாவின் படங்கள் சில வைட் விடுப்பில் போனபோது அவரோடு ஸ்காட்லாந்து போய், கிளாஸ்கோவில் பேராசிரியர் ஹூக்கர் நடத்திய தாவரவியல் ஏட்டில் அச்சாயின.

திரும்பி வந்த வைட், லண்டன் செதுக்குக்காரர்களை நம்பியிருக்காமல் சென்னையிலேயே கல்லச்சுக்கு இறங்கினார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய ‘ஐகோனெஸ்’ நூல் 6 தொகுதிகள், 2,101 படங்கள். இந்திய மண்ணில் அச்சான தாவரப் பட நூல்களில் அந்த அளவுக்கு இன்னொன்று அப்போது இல்லை. படங்களில் வண்ணம் இல்லை, செலவு கட்டுப்படாது. கறுப்புக் கோடு மட்டும். ஆனால் பல படங்களின் கீழே ரங்கையா, கோவிந்து என்ற பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. மலாக்காவில் 477 படங்களில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது.

வைட் இன்னும் ஓர் அடி போனார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குத் தன் ஓவியரின் பெயரையே சூட்டி, ‘கோவிந்தூயா’ என்று அழைத்தார். பிற்காலத்தில் அது வேறு பேரினத்தில் அடங்கிவிட்டதால் அந்தப் பெயர் வழக்கொழிந்தது. வழக்கொழிந்தாலும் தாவரவியல் ஏடுகளில் அது அழியாது. பழைய பெயர்களையும் பதிந்து வைப்பது அந்தத் துறையின் விதி. எடின்பரோ ராயல் தாவரத் தோட்டத்தில் இவ்விருவரின் மூலப் படங்கள் எழுநூறு அளவில் இருக்கின்றன. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்டி 2007-இல் மூன்று நூல்களாக இவர்கள் கதையை வெளியிட்டபோது, தலைப்பிலேயே வைட்டின் பெயரோடு ரங்கையாவையும் கோவிந்துவையும் சேர்த்தார்.

வைட் நல்லவர் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. அவர் கம்பெனிக்காரர், 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் கம்பெனித் திட்டத்தை நடத்தியவர். செடி ஆராய்ச்சியும் கம்பெனிக் கணக்கும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஆனால் வேலை செய்தவன் பெயரை வேலையின் மேல் போடுவது அன்றும் முடியாத காரியமல்ல என்பதற்கு அவர் சாட்சி. மற்றவர்கள் போடாதது வழக்கம் இல்லாததால் அல்ல. தேவை என்று நினைக்காததால்.

நடுக்கடலில் எரிந்தவை

1824 பிப்ரவரி 2. பெங்கூலனிலிருந்து ராஃபிள்ஸ் குடும்பத்தோடு ‘ஃபேம்’ கப்பல் கிளம்பியது. அன்று மாலையே, பீப்பாயிலிருந்து பிராந்தி எடுக்கப் போனவன் கையிலிருந்த விளக்கிலிருந்து தீப்பற்றியது. எல்லாரும் படகில் ஏறி உயிர் தப்பினார்கள். கப்பலில் உயிரோடு ஏற்றியிருந்த விலங்குகள், அவற்றில் ஒரு தெனுக்கும் உண்டு, தப்பவில்லை. ராஃபிள்ஸ் பல ஆண்டுகள் வரையவைத்த 2,000-க்கும் மேற்பட்ட இயற்கைப் படங்கள் போயின. நிபோங்குக்குப் பெயரிட்ட வில்லியம் ஜாக்கின் கையெழுத்துப் பிரதிகளும் சேகரிப்புகளும் பெரும்பாலும் அதே தீயில் போயின.

கரை சேர்ந்த ராஃபிள்ஸ் உடனே ஓவியர்களைக் கூட்டி மறுபடியும் வரையச் சொன்னார். வேறு கப்பல் கிடைக்கும்வரை கிடைத்த சில வாரங்களில் உருவான படங்கள்தான் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் அவர் பெயரால் இருக்கும் தொகுப்பில் முக்கியமானவை. அச்சின் பயன் இங்கேதான் தெரிகிறது. ஒரே பிரதியாக இருந்தது ஒரே தீயில் போகும். ரங்கையா வரைந்தது கல்லச்சேறி நாலு நாட்டு நூலகங்களில் கிடந்ததால் பிழைத்தது.

பேராக் படத்துக்குள் வருகிறது

பிரிட்டிஷ் ஆதிக்கத்தைத் தொடங்கிவைத்த 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பேராக்கும் கணக்கெடுப்புக்குள் வந்தது. கணக்கெடுப்பு என்றால் நிலம், ஆள், ஈயம் மட்டுமல்ல. மரம், செடி, பூச்சியும் சேர்த்துத்தான். 1883-இல் தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் எழுந்தது; நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் அதுவே. பெனடிக்ட் ஸ்கோர்தெக்கினி என்ற இத்தாலியப் பாதிரியார் பேராக் அரசின் தாவரவியலாளராக வந்து, காடு காடாக அலைந்து செடி சேர்த்தார். 1886-இல் கல்கத்தாவில் இறந்தார். கல்கத்தாத் தோட்டத்தின் ஜார்ஜ் கிங், ஹெர்மன் குன்ஸ்ட்லர் என்பவரை 1880-களில் லாருட் பக்கம் அனுப்பிச் செடி பறித்துவரச் செய்தார்.

பறித்த கிளைகள் காய்ந்து கல்கத்தா போயின. அங்கே வங்காள ஓவியர்கள் அவற்றைப் பார்த்துக் கல்லச்சுக்குப் படம் வரைந்தார்கள். 1887, 1888 ஆண்டுகளில் கிங் வெளியிட்ட அத்தி இனங்கள் பற்றிய பெரும் நூலில் பேராக்கின் அத்திகளும் ஆல்களும் இருக்கின்றன. நம் கோயில் ஓரத்து மரத்தின் உறவினரை, பேராக்கை ஒருபோதும் பார்க்காத வங்காளி ஒருவர், காய்ந்த இலையை நீரில் ஊறவைத்து விரித்து, உயிரோடிருந்தால் எப்படி இருக்கும் என்று ஊகித்து வரைந்திருக்கிறார். இந்த ஊகத் திறமையைப் பற்றி யாரும் பக்கம் பக்கமாக எழுதியதில்லை.

சரியாக அதே பத்தாண்டுகளில்தான் கிரியானில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலியாகத் தமிழர் வந்திறங்கினர். பேராக்கின் அத்தி இலைக்குக் கல்கத்தாவில் படம் எழுதியாயிற்று. வெட்டுக்கத்தியோடு கரும்புக் காட்டில் நின்றவருக்கு ஒப்பந்தச் சீட்டில் ஒரு பெயர், ஊர், வயது, வாங்கிய முன்பணம். தாவரவியலாளர் ஓர் இலையின் நரம்பைக்கூட விட்டுவிடவில்லை. தோட்டத் துரை ஆளின் தலையை எண்ணினார். இரண்டும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு பழக்கங்கள்.

1890-களுக்குப் பிறகு ஒளிப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி அச்சிடும் முறை வந்ததும், செதுக்குக்காரர்களின் தொழில் படுத்தது. கிரியான் கரும்பும் அதே வேகத்தில் படுத்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆலைகள் அடங்கி, அந்த நிலங்கள் பால்மரத்துக்கும் தென்னைக்கும் மாறின. செடியின் படம் மட்டும் ஒளிப்படத்துக்கு முழுக்க இடம் விடவில்லை. ஒளிப்படம் ஓர் இலையை, அதன் ஓட்டையோடும் புழுவோடும் காட்டும். ஓவியர் நூறு இலையைப் பார்த்து, அந்த இனத்துக்கே பொதுவான இலையை வரைவார். அதனால் இன்றும் புதிய செடிக்குப் பெயரிடும் கட்டுரைகளில் கோட்டுப் படம் இடம்பெறுகிறது.

நமக்கு என்ன?

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சேர்த்தது, நமக்கென்ன?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் படங்கள் நம்மைப் பற்றியவை அல்ல. ஆனால் நாம் எதற்காக இங்கே கொண்டுவரப்பட்டோம் என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் குறைவு. வியன்னாவில் 1763-இல் அச்சான செம்பனையும் பாரிஸில் 1775-இல் அச்சான ஹெவியாவும் நம் தாத்தாக்களின் முகவரியை முன்கூட்டியே தீர்மானித்தன என்று சொன்னால் மிகை கொஞ்சம்தான்.

ஒரு காலத்தில் செல்வந்தர் மட்டுமே வாங்க முடிந்த ராக்ஸ்பர்க், வைட், ஓப்லே நூல்கள் இன்று பெரிய நூலகங்களால் மின்வடிவாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. கிரியான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்று, கரும்பு, ஹெவியா, செம்பனை மூன்றின் படத்தையும் பெரிதாக அச்சிட்டு வகுப்பில் மாட்டி, வரைந்த ஆண்டு ஒரு பக்கம், நம் வட்டாரத்துக்கு வந்த ஆண்டு மறுபக்கம், அதை வெட்டிய குடும்பங்களின் நினைவுகள் கீழே என்று பிள்ளைகளைக் கொண்டு எழுதவைக்கலாம். பால்வெட்டின் சாய்வை இன்னும் கையால் காட்டத் தெரிந்த பெரியவர்கள் பாரிட் புந்தாரிலும் பாகான் செராயிலும் இருக்கிறார்கள். மங்கு, நிரை, ஒட்டுப்பால், பெரட்டு என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டுப் படம் போட்டு, போட்ட பிள்ளையின் பெயரை மறக்காமல் கீழே எழுதச் சொல்ல வேண்டும். வைட் செய்ததை ஒரு வகுப்பாசிரியரும் செய்யலாம்.

அடுத்த இதழில்: புக்கிட் மேரா அணையும் 1906-இல் திறந்த கிரியான் நீர்ப்பாசனமும். கிரியானில் நெல்வயல் பெருகியது எப்படி, அதில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்ப்போம்.